நாற்பது வருஷக் கணக்கு

சென்ற வருஷம் நம்முடைய வகுப்பில் ஒரு சிறு சங்கடம் நேர்ந்தது. அன்று பெட்ரோலியத்தைப் பற்றிய பாடம். பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய் உலகத்துக்கு இன்னும் ஐம்பது வருஷந்தான் காணும் என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாம் மாணவராயிருந்த காலத்தில் நம் உபாத்தியாயரும் இவ்வாறே எச்சரித்தார், நாற்பது வருஷம் என்று கணக்குச் சொன்னார் என்பதையும் சற்றுப் பெருமையுடன் சேர்த்துக் கொண்டோம்.

கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஸார், அவர் சொல்லி முப்பது வருஷம் ஆகிவிட்டது என்கிறீர்களே! நாற்பதில் முப்பது போனால் பாக்கி பத்துதானே இருக்க வேண்டும்? ஐம்பது எப்படி ஆயிற்று?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம், ஆனால் விடை சொல்லவில்லை. விடை தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு? நல்ல வேளையாக மணி அடித்து நம் மானத்தைக் காப்பாற்றியது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. எண்ணெயைப் பற்றியும் உலகப் பொருளாதாரத்தைப் பற்றியும் எத்தனையோ நிபுணர்களின் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். மேடையில் மாலை மரியாதையுடன் பேசுவோர் உண்டு. தொலைக்காட்சியில் வரைபடத்தைக் காட்டிப் பேசுவோர் உண்டு. அவர்கள் ஓர் எண்ணைச் சொன்னால் அதைக் கைதட்டி ஏற்றுக் கொள்கிறோம். அல்லது, "இவர்கள் இப்படித்தான்" என்று உதறிவிட்டு எழுந்து போகிறோம். அந்தப் பையன் செய்த காரியத்தை நாம் செய்வதில்லை. அவன் கணக்கைக் கழித்துப் பார்த்தான்.

இது பொழுதுபோக்கு விஷயமன்று. நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவெய்த்தில் புகுந்ததும் எண்ணெய் விலை ஏறிற்று. வேறு காரணங்களாலும் நொந்து கிடந்த நம் கஜானா அதனால் மேலும் தளர்ந்தது. 1991-இல் ரிஸர்வ் பாங்கி சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பி, இங்கிலாந்து பாங்கியில் ஈடு வைக்க நேர்ந்தது. நகையை அடகு வைக்கும் துயரம் எப்படிப்பட்டது என்று நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா?

நிற்க. பையன் கேட்ட கேள்விக்கு விடை என்ன? நம் கிராமத்து வீடுகளில் குதிர் இருந்தது. குதிரில் உள்ள நெல்லை மாதச் செலவால் வகுத்தால், இன்னும் எட்டு மாதத்துக்குக் காணும் என்று ஒரு விடை வரும். அதைக் கொண்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு உலகத்தில் நெல்லே இராது என்று எவரேனும் அழுவாரா? எண்ணெய்க் கணக்கும் அப்படியே. இன்றைய விலையில், இன்றைய கருவிகளைக் கொண்டு, லாபத்துடன் எடுக்கலாம் என்று நிச்சயமான எண்ணெயைத்தான் நிபுணர் 'கையிருப்பு' என்கிறார். அதை ஒரு வருஷச் செலவால் வகுத்து வரும் எண்தான் நாற்பதும் ஐம்பதும். விலை ஏறினாலோ புதுக் கருவி வந்தாலோ, நேற்றுவரை கணக்கில் வராத எண்ணெய் இன்று கையிருப்பில் சேர்ந்துவிடுகிறது. நிபுணர் குதிரை அளந்து சொன்னார். நாம் அதைப் பிரளயத்துக்குக் குறித்த நாள் என்று எடுத்துக் கொண்டோம்.

ஆயினும் குற்றம் எப்போதும் கேட்பவர் பக்கமே இருப்பதில்லை. பெரிய நிபுணர்களும் தேதி குறிப்பதில் இடறியிருக்கிறார்கள். இவ்வரிசையில் மூத்தவர் இங்கிலாந்தின் ஸ்டான்லி ஜெவன்ஸ். நிலக்கரியைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை 1865-இல் அவர் வெளியிட்டபோது வயது 29. நிலக்கரி அடியோடு தீர்ந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. சுரங்கம் ஆழமாக ஆழமாகக் கரியின் விலை உயரும், மலிவான கரியால் வந்த இங்கிலாந்தின் செல்வாக்கும் அதனோடு குன்றும் என்றார். மறு வருஷமே பார்லிமெண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில் இதைப் பற்றிப் பேசினார். நிதி மந்திரி கிளாட்ஸ்டன் தேசக் கடனைக் குறைப்பதற்கு இதையும் ஒரு காரணமாகக் காட்டினார்.

ஜெவன்ஸின் கூரிய புத்தி கண்ட உண்மை இன்னொன்று உண்டு. இயந்திரம் குறைந்த கரியில் ஓடுமாறு திருத்தினால் கரிச் செலவு குறையும் என்றுதானே நினைப்போம்? குறையாது, கூடும் என்றார் அவர். ஓட்டும் செலவு மலிந்தால் இயந்திரங்கள் பெருகும் அல்லவா? பொருளாதார மாணவர்கள் இன்றும் இதை அவர் பெயரிட்டே அழைக்கிறார்கள். இவ்வளவு கண்டவர், பெட்ரோலியம் கரிக்கு மாற்றாக வரக்கூடும் என்பதை மட்டும் ஏற்க மறுத்தார். இங்கிலாந்தின் கரி உற்பத்தி 1913-இல் 28 கோடி டன்னுக்கு மேல் ஏறி உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்கியது. அங்கே கரியால் நடந்த கடைசி மின்சார நிலையம் 2024 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. கரி தீர்ந்து அல்ல. கரி பூமியில் இருக்கும்போதே!

ஜெவன்ஸைப் பற்றிக் கீன்ஸ் ஒரு வேடிக்கையைச் சொல்லியிருக்கிறார். காகிதத்துக்கும் பஞ்சம் வரும் என்று அஞ்சி ஜெவன்ஸ் வீட்டில் காகிதத்தை வாங்கிக் குவித்தாராம். அவர் இறந்து ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அவருடைய பிள்ளைகளால் அதை எழுதித் தீர்க்க முடியவில்லையாம்.

அடுத்தவர் அமெரிக்கப் பூகர்ப்ப சாஸ்திரி கிங் ஹப்பர்ட். 1956 மார்ச்சு மாதம், டெக்ஸாஸில் உள்ள ஸான் அன்டோனியோவில், எண்ணெய்த் தொழில்காரர்கள் கூடிய சபையில் அவர் பேசினார். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் இடையில் உச்சத்தை அடைந்து பிறகு இறங்கும் என்றார். அவர் வேலை பார்த்த ஷெல் கம்பெனியின் தலைமை அலுவலகம், பேச்சுக்குச் சற்று முன்பு டெலிபோனில் அழைத்து, அந்தப் பகுதியைத் தணிக்கச் சொல்லிப் பார்த்ததாம். அவர் இணங்கவில்லை. சபையில் பலர் நம்பவில்லை. 1970-இல் உச்சம் வந்தது, பிறகு இறங்கியது. ஹப்பர்ட் தீர்க்கதரிசி ஆனார்.

கதை அங்கே முடிந்திருந்தால் பிரசங்கிகளுக்கு எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால் அதே பேச்சில் உலக உற்பத்தியின் உச்சம் 2000-ஆம் வருஷத்தை ஒட்டி வரும் என்றும் அவர் சொன்னார். அது வரவில்லை. அமெரிக்காவிலும், இறுகிய பாறையை நீரின் அழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியது. 2018-இல் உற்பத்தி 1970-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பாறை எண்ணெய் ஹப்பர்ட் வரைந்த கோட்டில் சேரவே இல்லை.

விலையை முன்னறிவது இதைவிடக் கடினம். ஹூஸ்டன் நகரத்து முதலீட்டு நிபுணர் மாத்யூ ஸிம்மன்ஸ், 2010-இல் எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 200 டாலரைத் தாண்டும் என்று, 2005-இல் ஒரு பத்திரிகை எழுத்தாளருடன் 5,000 டாலர் பந்தயம் கட்டினார். 2008 ஜூலையில் விலை 147 டாலரைத் தொட்டபோது வென்றுவிட்டார் என்றே தோன்றியது. அவ்வருஷ முடிவிலேயே அது 40 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2010-இன் சராசரி சுமார் 80 டாலர்தான். 2020 ஏப்ரலில், தொற்றுநோயால் உலகமே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, அமெரிக்கச் சந்தையில் ஒரு நாள் விற்பவர் வாங்குபவருக்குப் பணம் கொடுத்து எண்ணெயைத் தள்ளிவிட்டதும் நடந்தது!

அப்படியானால் நிபுணர் பேச்சைக் கேட்பதே வீண்தானா? அவசரம் வேண்டாம். "புலி வருகிறது" என்று கூவிய பையன் கதையில், கடைசியில் புலி வந்ததை நாம் மறந்துவிடுகிறோம். ஷூமாக்கர் என்ற பொருளாதார நிபுணர், 1950 முதல் 1970 வரை பிரிட்டிஷ் நிலக்கரி போர்டுக்கு ஆலோசகராயிருந்தார். நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பாவின் கருத்துக்களைத் தம் நூலில் எடுத்தாண்டவர் இவர். மலிவாயிருக்கிறதே என்று மேற்கு ஆசிய எண்ணெயை நம்பிச் சுரங்கங்களை மூடாதீர்கள் என்று ஐரோப்பாவை அவர் எச்சரித்து வந்தார். கரி போர்டின் சம்பளக்காரர் வேறு என்ன சொல்வார் என்று அலட்சியம் செய்வது எளிதாயிருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் விலை ஏறக்குறைய நாலு மடங்காயிற்று. ஹப்பர்ட் தம் எஜமானர் விருப்பத்துக்கு மாறாகப் பேசினார். ஷூமாக்கர் தம் எஜமானருக்கு உகந்ததைப் பேசினார். இருவர் சொன்னதும் பலித்தது. ஆகவே, சம்பளம் கொடுப்பவர் யார் என்று விசாரித்துவிட்டால் உண்மை விளங்கிவிடும் என்பதற்கில்லை.

பிறகு எதைத்தான் விசாரிப்பது? மூன்று கேள்விகள் போதும் என்று நமக்குத் தோன்றுகிறது. இவர் எதை அளந்தார்? எதை மாறாது என்று வைத்துக்கொண்டார்? இவர் கணக்குத் தவறினால் நஷ்டம் யாருக்கு?

மூன்றாவது கேள்வியே முக்கியமானது. ருஷ்யாவிலிருந்து குழாய் வழியே வரும் எரிவாயு மலிவு, வியாபாரம் வளர்ந்தால் சமாதானமும் வளரும் என்று ஜெர்மனியில் பல வருஷங்கள் எடுத்துரைத்தார்கள். போலந்து போன்ற நாடுகளின் ஆட்சேபம் எடுபடவில்லை. 2021-இல் ஜெர்மனி வாங்கிய எரிவாயுவில் பாதிக்கு மேல் ருஷ்யாவுடையது. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேனின் மீது படையெடுத்ததும் அந்தக் கணக்குக் கவிழ்ந்தது. ஜெர்மனியும் சிரமப்பட்டதுதான். ஆனால் பணமுள்ள ஐரோப்பா என்ன விலை கொடுத்தேனும் கப்பல்களில் எரிவாயுவைத் தருவித்துக் கொண்டது. அந்த விலையைக் கொடுக்க முடியாத வங்காள தேசம், 2022 ஜூலையில் அன்றைய சந்தை விலைக்கு வாங்குவதையே நிறுத்தியது. டாக்காவில் முறை வைத்து மின்சாரத்தை வெட்டினார்கள். கடைகளை இரவு எட்டு மணிக்கே மூடச் சொன்னார்கள். பெர்லினில் போட்ட கணக்குத் தவறியது. டாக்காவில் விளக்கு அணைந்தது.

மறு நாள் வகுப்பில் நம் அறியாமையை ஒப்புக்கொண்டு, குதிர்க் கணக்கை விளக்கினோம். அந்தப் பையன் விடவில்லை. "அப்படியானால் எண்ணெயைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா, ஸார்?" என்றான்.

வேண்டும் என்றோம். இன்று நிபுணர்கள் சொல்லும் பெரிய கணக்கு, பூமிக்கடியில் எவ்வளவு இருக்கிறது என்பதன்று. அதை எரித்தால் எழும் கரியமில வாயுவை ஆகாயம் எவ்வளவு தாங்கும் என்பது. உலக நாடுகள் 2015-இல் பாரிஸில் கூடி ஒப்பந்தம் செய்தது இதை முன்னிட்டுத்தான். இங்கே குதிர் நிறைந்திருப்பதே ஆபத்து. முன்பு குறித்த தேதிகள் தவறின என்பதற்காக இந்தக் கணக்கையும் சிரித்துத் தள்ளினால், முதலில் துன்பப்படப் போகிறவர்கள் மேடையில் இருப்பவர்கள் அல்லர். மழையை நம்பி ஏர் பூட்டுகிறவர்களும் கடலை நம்பி வலை வீசுகிறவர்களுமே.

பையன் சற்று யோசித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். முன் நாள் எழுதிய 'ஐம்பது வருஷம்' என்பதை அவன் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில், 'எதை அளந்தது?' என்று எழுதி வைத்துக் கொண்டான்.