பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய இருவர்



விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டிவிடும் ஊர் புதுச்சேரி. அந்த ஊர்ப் பெண், இந்தியக் கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, பாய்மரப் படகில் உலகையே சுற்றி வந்திருக்கிறார். உடன் சென்றவர் ஒரே ஒருவர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த அதிகாரி தில்னா.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டது அவர்களது ‘தாரிணி’ படகு. நீளம் 56 அடி. காற்றின் விசைதான் எரிபொருள். ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருந்து பாயையும் திசையையும் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு இடங்களில் மட்டும் கரை தொட்டார்கள்.

வழியில் ‘பாயிண்ட் நீமோ’வைக் கடந்தார்கள். பசிபிக் பெருங்கடலில் உள்ள அந்தப் புள்ளியிலிருந்து மிக அருகில் இருக்கும் நிலமே சுமார் 2,700 கிலோமீட்டர் தொலைவில்! 2025 பிப்ரவரியில், மாலுமிகள் அஞ்சும் தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையையும் கடந்தார்கள்.

ஏறத்தாழ 47,000 கிலோமீட்டர் பயணத்தை முடித்து, 2025 மே மாத இறுதியில் கோவா திரும்பினார்கள்.

இது போட்டியல்ல, சாகசப் பயணம். போட்டியிலும் இந்தியர் சாதித்திருக்கிறார். தனியாளாக உலகைச் சுற்றும் ‘கோல்டன் குளோப்’ பந்தயத்தில் 2023 ஏப்ரலில் இரண்டாம் இடம் பிடித்தவர் அபிலாஷ் டோமி. ரூபாவுக்கும் தில்னாவுக்கும் பயிற்சி அளித்தவர்களில் அவரும் ஒருவர்.

மரக்காணம் கடற்கரையில் அலை பார்த்து வளரும் நம் பெண்பிள்ளைகளுக்கும் இந்தக் கடல்வழி திறந்தே இருக்கிறது.