உறை ஊற்றிய பாலும் பச்சைக் குழந்தையின் சூடும்

இரவு அடுப்பு மேடையைத் துடைத்து முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும்: பாலுக்கு உறை ஊற்ற வேண்டும். பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உறைமோரில் உள்ள உயிர் செத்துப்போகும். ஜில்லென்று ஆறிய பிறகு ஊற்றினால் காலையிலும் பாலாகவே கிடக்கும். ஊட்டியில் டிசம்பர் மாதம் கிண்ணத்தைத் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் வைத்தால்தான் தயிர் தோயும். சென்னையில் மே மாதம் அப்படிச் செய்தால் விடிவதற்குள் புளித்துவிடும். பாத்திரத்தின் அளவும் முக்கியம். அண்டா நிறையப் பால் வெகுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும். சின்னக் கிண்ணத்துப் பால் சீக்கிரமே ஆறிவிடும்.

முதல் சில மாதங்களில் குழந்தையின் உடல் அந்தச் சின்னக் கிண்ணம்தான். “புள்ளைக்குக் குளிருது, இன்னொரு துணி சுத்து” என்பார் பாட்டி. “வேர்க்குது அத்தை, ஏசியைப் போடட்டுமா?” என்பாள் மருமகள். இரண்டும் அக்கறையில் வருவதுதான். யார் சொல்வது சரி என்பது அன்றைய அறையையும் அந்தக் குழந்தையையும் பொறுத்தது. சூடு எந்த வழியாகப் போகிறது, எங்கிருந்து வருகிறது, எப்போது வெளியேற முடியாமல் தேங்குகிறது என்று தெரிந்துவிட்டால் எந்த யோசனையையும் நாமே உரசிப் பார்த்துக்கொள்ளலாம்.

கிண்ணம் ஏன் சீக்கிரம் ஆறுகிறது?

சூடு வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. தேங்கி நிற்பது உள்ளே இருக்கும் எடையில். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் தோல் பரப்பு ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர். 3 கிலோ குழந்தைக்கு 0.2 சதுர மீட்டர். ஒரு கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பார்த்தால், குழந்தைக்குப் பெரியவரைவிடச் சுமார் இரண்டரை மடங்கு வருகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு தலை மட்டுமே. தோலோ மெல்லியது, அதன் அடியில் சூட்டைத் தடுக்கும் கொழுப்பும் குறைவு.

கருப்பையில் இந்தக் கவலை இருக்கவில்லை. அங்கே குழந்தையின் சூடு தாயின் சூட்டைவிட அரை டிகிரி அளவுக்கு அதிகம். கூடுதல் வெப்பத்தைத் தாயின் ரத்தமே வாங்கிக்கொண்டுபோகும். பிறந்த நொடியில் அந்த ஏற்பாடு முடிந்துபோகிறது. தாயைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் குளிர்ந்த ஓர் அறைக்குள், உடம்பெல்லாம் ஈரத்தோடு குழந்தை வருகிறது. அக்குளில் வைத்துப் பார்க்கும் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இந்த ஒரு டிகிரி இடைவெளிக்குள் உடம்பை நிறுத்தி வைப்பதுதான் முதல் நாளிலிருந்து குழந்தையின் வேலை.

சூடு கசியும் நான்கு வழிகள்

பால் கிண்ணத்தைக் கிரானைட் மேடையில் வைத்தால் அடிப்பக்கச் சூட்டைக் கல் உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த ரப்பர் ஷீட்டிலோ எடை பார்க்கும் தட்டிலோ வெற்றுடம்போடு கிடத்தும்போது குழந்தைக்கும் இதுவே நடக்கிறது. கீழே ஒரு துணி விரித்தால் போதும். ஃபேனுக்கு நேர் கீழே வைத்த கிண்ணத்தைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பான காற்று நகர்ந்து நகர்ந்து போய்விடும். ஏசிக் காற்று நேராகப் படும் தொட்டிலிலும் அப்படித்தான். ஏசி கூடாது என்பதில்லை. 25, 26 டிகிரியில் வைத்து, காற்று நேரே படாத இடத்தில் குழந்தையைப் படுக்க வைத்தால் சரி.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாது. அறையின் காற்று இதமாக இருந்தாலும், பக்கத்துச் சுவரோ ஜன்னல் கண்ணாடியோ குளிர்ந்திருந்தால் உடம்பின் வெப்பம் அதை நோக்கிக் கதிராகப் போய்க்கொண்டே இருக்கும். கோடையில் இதுவே தலைகீழாகும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவு வரைக்கும் கீழே வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கும். வெளியே காற்று தணிந்த பிறகும் அந்த அறையில் குழந்தை சிவந்துபோய்ச் சிணுங்குவது இதனால்தான். வேறு அறை இருந்தால் கோடைக்கு அதுவே நல்லது.

நான்காவது வழி ஈரம். பிறந்த முதல் நிமிடங்களில் சூட்டை அதிகம் திருடுவது இதுதான். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி தண்ணீர் தோலிலிருந்து ஆவியாவதற்குச் சுமார் 2.9 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 3 கிலோ குழந்தையின் உடம்பு முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படுவது ஏறக்குறைய 2.5 கிலோ கலோரி. ஆக, ஒரு டீஸ்பூன் ஈரம் குழந்தையின் மேலேயே காய்ந்தால், உடம்பு ஒரு டிகிரிக்கு மேல் குளிரக்கூடிய அளவு வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அதை ஈடுகட்ட எவ்வளவு தாய்ப்பால் வேண்டும்? 100 மில்லி தாய்ப்பாலில் 65 முதல் 70 கிலோ கலோரி வரை இருக்கிறது. கணக்குப் போட்டால் நாலு மில்லிக்குச் சற்று மேல். ஈரம் ஒரு டீஸ்பூன், அதற்கு விலை பாலும் ஏறத்தாழ ஒரு டீஸ்பூன்! பிறந்த அன்று குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பதே 2 முதல் 10 மில்லி வரைதான். துடைக்காமல் விட்ட ஈரத்துக்கு ஒரு வேளைப் பாலே போய்விடும்.

பிரசவ அறையில் குழந்தையைப் பிறந்தவுடன் துடைத்து, நனைந்த துணியை வீசிவிட்டு உலர்ந்த துணியில் சுற்றுவதும், முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவதும் இந்தக் கணக்கினால்தான். உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்மையான மாவு போன்ற பூச்சு அழுக்கில்லை. தோலின் ஈரப்பதத்தைக் காக்கும் இயற்கையான மேல்பூச்சு. அதைத் தேய்த்து எடுக்கத் தேவையில்லை.

அம்மாச்சி காலில் குளியல்

எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை அதில் கிடத்திக் குளிப்பாட்டுவது நம் வீடுகளின் பழக்கம். தொப்புள்கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே போதும். அதற்குப் பிறகு குளிப்பாட்டும்போது ஃபேனை நிறுத்தி, துவாலையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று விளாவினால் சுட்டுவிடும் ஆபத்து குறையும். உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது. முழங்கையை நனைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். ஐந்து நிமிடத்தில் முடித்து, தலையை முதலில் துவட்ட வேண்டும்.

அடுத்து வரும் சாம்பிராணி? தலை ஈரம் இழுக்கட்டும் என்பதே அதன் நோக்கம். அந்த வேலையை நல்ல பருத்தித் துவாலை புகையில்லாமல் செய்துவிடும். கரியும் புகையும் அந்தச் சின்ன நுரையீரலுக்குக் கெடுதி. மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதிச் சளி எடுப்பதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம்.

கிண்ணத்துக்கு இல்லாத அடுப்பு

இந்த இடத்தில் பால் கிண்ணமும் குழந்தையும் பிரிகிறார்கள். உறைப்பால் தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது, குழந்தை உண்டாக்கும். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்குகிறது. தசைகள் உதறி உதறி வெப்பம் தருகின்றன. பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதற்குப் பதிலாகப் பழுப்புக் கொழுப்பு என்ற தனிச் சேமிப்பு இருக்கிறது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் படிந்திருக்கும் இந்தக் கொழுப்பு எரிந்து நேரடியாக வெப்பமாகிறது.

அந்த எரிப்புக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகின்றன. வெகுநேரம் குளிரில் கிடக்கும் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது, மூச்சு வாங்குகிறது. சோர்ந்துபோன குழந்தை பால் குடிக்காது. பால் குடிக்காததால் சூடு இன்னும் இறங்கும். இந்தச் சுழல் எளிதில் தொடங்கிவிடும். பழுப்புக் கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் நன்றாகச் சேர்கிறது. குறைமாதக் குழந்தைகள் அந்தச் சேமிப்பு நிரம்புமுன்பே வந்துவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

பச்சைக் குழந்தை கிலோ ஒன்றுக்கு ஒரு நாளில் 100 கிலோ கலோரியைத் தொடும் அளவுக்குச் செலவழிக்கிறது; பெரியவருக்கு 30, 40 போதும். அந்த 100-ல் சூட்டுக்குப் போவது போக மிச்சம்தான் வளர்ச்சிக்கு. அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு நாளுக்கு 8 முதல் 12 தடவை தாய்ப்பால். சேனை என்று நாக்கில் தடவும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ அந்த இடத்தைப் பிடிக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் அபாயமும் உண்டு. கோடையில் “தொண்டை வறளும், கொஞ்சம் தண்ணி குடு” என்பார்கள். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை. வெயில் காலத்தில் அடிக்கடி பால் கொடுத்தால் போதும். ஒரு வாரம் ஆன குழந்தை நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று தைரியமாக இருக்கலாம்.

சோற்றுப்பானைக்குப் பக்கத்தில்

குளிர்காலத்தில் உறைப்பால் கிண்ணத்தைச் சூடான சோற்றுப்பானையை ஒட்டி வைப்பதுண்டு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா எடைகுறைந்த குழந்தைகளுக்குச் செய்தது கிட்டத்தட்ட அதைத்தான். அங்கே இன்குபேட்டர்கள் போதவில்லை; ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்து தொற்று பரவியது. குழந்தையை வெற்றுடம்போடு தாயின் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டச் சொன்னார். ‘கங்காரு முறை’ என்று உலகம் முழுக்கப் பரவியது அதுவே.

தோலோடு தோல் ஒட்டியிருக்கும்போது நான்கு கசிவுகளும் ஒரேயடியாகக் குறைகின்றன. பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தை குளிர்ந்தால் தாயின் நெஞ்சுச் சூடு ஏறிக்கொடுக்கும். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ எடைக்குள் இருந்த குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனே கங்காரு முறையைத் தொடங்கியபோது முதல் 28 நாட்களில் இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது. நிறைமாதக் குழந்தைக்கும் இது இதம்தான். தாய் ஓய்வெடுக்கும் நேரத்தில் அப்பாவின் நெஞ்சும் இதற்குப் போதும்.

மூடி இறுகினால்

மே மாதத்து ஹாட்பாக்ஸை மறந்துவிடக் கூடாது. குழந்தைக்கு வியர்த்து ஆறும் திறன் இன்னும் முழுதாக வரவில்லை. கூடுதல் வெப்பம் பெரும்பாலும் முகம், தலை வழியாகவே வெளியேற வேண்டும். பிறந்த முதல் மணி நேரங்களிலும் குறைமாதக் குழந்தைக்கும் குல்லா அவசியம். நிறைமாதக் குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது அதே குல்லா வெப்பத்தின் வாசலை அடைத்துவிடும். நாம் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூட என்பதே மேல் வரம்பு. சென்னைக் கோடையில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டையே தாராளம்.

தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் பச்சைக் குழந்தை மரணங்களுக்கு அதிகச் சூடும் குப்புறப் படுப்பதும் ஆபத்துக் காரணிகள் என்று தெரியவந்தது. அமெரிக்காவில் 1994-ல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் தொடங்கியது. அதன் பிறகு அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. பகலோ இரவோ, மல்லாக்க, அழுத்தமான சமதளப் படுக்கையில். முகத்தருகே போர்வை, பொம்மை, தலை உருண்டு வர வைக்கும் தலையணை எதுவும் வேண்டாம்.

தூளியில் துணி இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும். முகவாய் நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுப்பாதை மடங்கும். கண்ணெதிரே ஆட்டித் தூங்க வைக்கலாம். இரவு முழுக்க அதிலேயே விடாமல் படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். துணியில் சுற்றினால் கால்கள் மடங்கி அசைய இடம் இருக்கட்டும். புரளத் தொடங்கியதும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

புறங்கையால் பார்க்கும் சோதனை

உறைப்பாலுக்கு விரலை நனைத்துப் பார்ப்போம். குழந்தைக்குப் புறங்கையை வயிற்றிலும் பாதத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை சூட்டுக்காகச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுக்க வேண்டும். இரண்டுமே சில்லிட்டிருந்தால் அது ஆபத்து. நெஞ்சோடு அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பிடரி வியர்த்து உடம்பு அனலாக இருந்தால் முதலில் துணிகளைக் குறைத்துவிட்டுத் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும்.

ஈரம் துடைத்து, அணைத்து, பால் கொடுத்தும் ஒரு மணி நேரத்தில் சூடு திரும்பவில்லை என்றால் கோளாறு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. பச்சைக் குழந்தைக்குக் கிருமித் தொற்று சில சமயம் காய்ச்சலாக வராமல் உடம்பு சில்லிடுவதாகவே வரும். 35.5-க்குக் கீழே இறங்கினாலும், துணி குறைத்த பிறகும் 37.5-க்கு மேலேயே நின்றாலும், பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலும், நெஞ்சு உள்வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்; வண்டி வரும்வரையிலும், வழி நெடுகிலும் குழந்தை உங்கள் நெஞ்சோடு ஒட்டியே இருக்கட்டும்.