ஊர் ஆர்.ஓ. நிலையத்தின் சவ்வு ஏன் கெடுகிறது?

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் பஸ் கெட்டம்பையைக் கடக்கும்போது மகாவலி கண்ணில் படும். அந்த ஆற்றங்கரை ஊரான பேராதனையில், மீவத்துரவில், சீன–இலங்கை நீர்த் தொழில்நுட்பக் கூட்டு ஆய்வு நிலையம் இருக்கிறது. ஆனால் அதன் பெரிய கவலை மகாவலி அல்ல; மதவாச்சி, பதவியா, வவுனியா என்று நீளும் வறண்ட வலயத்தின் கிணறுகள்.

1990களிலிருந்து அந்தப் பகுதி விவசாயிகளைத் தாக்கிவரும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த, புளோரைட்டு கூடிய நிலத்தடி நீர் சந்தேகப் பட்டியலில் முன்னால் நிற்கிறது. அதனால்தான் ஊர்தோறும் ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன.

வவுனியாவில் எங்கள் ஊருக்கும் ஒன்று வந்தது. மீள்குடியேறிய பிறகு அம்மா காசு கொடுத்து வாங்கிய முதல் குடிநீர் அது. இடையில் சில மாதங்கள் நிலையம் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது தண்ணீர் நூல்போல வந்தது. அதை நடத்தியவர் நல்லெண்ணத்தோடு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து உள்ளே ஓடவிட்டார். கொஞ்ச நாளில் தண்ணீர் முன்பைவிடக் கூடுதலாகக் கொட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா மட்டும், "தேத்தண்ணி பழைய கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கு" என்றார்.

நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, அந்தச் சவ்வு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

ஒரு குழாயைச் சுற்றிப் பாய்போலச் சுருட்டப்பட்ட தாள்தான் ஆர்.ஓ. சவ்வு. அதில் மூன்று அடுக்குகள். அடியில் பொலியெஸ்டர் துணி. அதன்மேல் நுண்துளைகள் நிறைந்த பொலிசல்போன். உச்சியில் பொலியமைட்டு. முதலிரண்டும் தாங்குவதற்கு மட்டுமே. உப்பைத் தடுப்பது, தலைமயிரின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்கேயான அந்த மேலடுக்குத்தான்.

அதில் துளையிட்ட ஓட்டைகள் இல்லை. சிக்கிப் பின்னிய மூலக்கூற்றுச் சங்கிலிகளே இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவற்றுக்கிடையே நீர் புகுந்து, சவ்வு சற்று வீங்குகிறது. அந்த வீக்கம் இல்லாவிட்டால் தண்ணீர் கடக்க வழியில்லை. வீக்கம் அளவை மீறினாலோ உப்பும் சேர்ந்து கடந்துவிடும். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் இணைப்புகள்தான் அந்த எல்லையைக் காக்கின்றன. மீன்வலையின் முடிச்சுகள் கண்ணின் அளவைக் காப்பது போல.

எங்கள் ஊரில் இரண்டு தவறுகள் நடந்தன. ஒரு தடவை நனைந்த சவ்வு காய்ந்தால் நுண்துளைகள் சுருங்கி, நீர்வரத்துக் குறையும். பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். நீர் தேங்கி நின்றாலோ அதில் கிருமிகள் பாசியாகப் படியும். பூட்டும் நாட்களில் பாதுகாப்புக் கரைசலில் வைப்பது அதற்காகத்தான். இரண்டாவது தவறு குளோரீன். அது பொலியமைட்டுச் சங்கிலிகளைத் தாக்கி முறிக்கிறது. முடிச்சவிழ்ந்த வலைபோலச் சவ்வு தளர்கிறது. தண்ணீர் கூடியதன் காரணம் அதுதான். உப்பும் அதோடு வந்தது.

2009இல் செட்டிகுளம் முகாமில் பவுசர் தண்ணீரில் குளோரீன் மணத்தால் எங்களுக்கு நம்பிக்கை வரும். வயிற்றோட்டத்துக்குத் தப்புவோம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் அவரும் பவுடரைக் கரைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயந்திரத்தைக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீக்கத்தைக் கட்டுப்படுத்துவது புதிய சவ்வுகளுக்கும் சவால். கேகாலையின் போகல, குருநாகலின் கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் பென்சிற்கரியிலிருந்து கிராபீன் ஒக்சைட்டுச் செய்யலாம். அதன் படலங்களும் உப்பை வடிக்கக்கூடியவை. ஆனால் தண்ணீரில் அடுக்குகள் விலகி உப்பு புகுந்துவிடும். 2017இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் படலத்தை எப்பொக்சிப் பிசினுக்குள் இறுக்கி வீக்கத்தை அடக்கினார்கள். உப்பில் 97 சதவீதம் தடுக்கப்பட்டது. ஆய்வுகூடத்துச் சிறு துண்டில் கிடைத்த வெற்றி அது. ஊர் நிலையங்களில் இருப்பது இன்னும் பொலியமைட்டுத்தான்.

ஆகவே உங்கள் ஊர் நிலையத்தில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். குழாய்நீரிலோ கிணற்றிலோ குளோரீன் கலந்திருந்தால், சவ்வுக்கு முன்னால் அதை அகற்றும் கரி வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது? நிலையத்தைப் பூட்டும்போது சவ்வுக்கு என்ன செய்கிறார்கள்? உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் டி.டி.எஸ். அளவு என்ன? நல்ல சவ்வு கரைந்த உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுக்கவேண்டும். அந்த மீற்றர் கிருமியைக் காட்டாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

எங்கள் ஊரில் இப்போது சவ்வை மாற்றிவிட்டார்கள். இரண்டு அளவுகளையும் நாள்தோறும் ஒரு பலகையில் எழுதிவைக்கிறார்கள். அம்மா கேனை நிரப்புவதற்கு முன் அதைப் பார்க்கிறார்.