அஜீஸா அமீர்: 'லைலா'வை விட்டுக்கொடுக்காத நடிகை

நீங்க ஒரு படம் தயாரிக்கிறீங்க. காசு மொத்தமும் உங்களோடது. எடுத்தவரைக்கும் போட்டுப் பார்த்தா தேறல. என்ன பண்ணுவீங்க? நானா இருந்தா மூட்டை கட்டியிருப்பேன். கெய்ரோவில் அஜீஸா அமீர் கட்டல.

1901-ல் பிறந்தவங்க, நிஜப் பேரு முஃபீதா. யூசுஃப் வஹ்பியோட ரம்ஸீஸ் நாடகக் குழுவில் நடிச்சவங்க. அப்போ எகிப்து தியேட்டர்களில் ஓடினது பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்கள்தான். நாமளே ஒண்ணு எடுப்போம்னு இறங்கினாங்க. துருக்கியிலிருந்து வந்த விதாத் உர்ஃபிதான் இயக்குநர். படத்துக்கு 'இறைவனின் அழைப்பு'ன்னு பேரு. ரெண்டு பேருக்கும் ஒத்துவரல. உர்ஃபியை அனுப்பிட்டு, இஸ்தஃபான் ரோஸ்தியைக் கூப்பிட்டு, பேரையும் 'லைலா'ன்னு மாத்தி முடிச்சாங்க. கிராமத்துப் பொண்ணு, அவளை விட்டுட்டு வெளிநாட்டுப் பொண்ணு பின்னாடி போற காதலன். எங்கேயோ பார்த்த கதை மாதிரி இருக்குல்ல?

1927 நவம்பர் 16, கெய்ரோ மெட்ரோபோல் தியேட்டரில் ரிலீஸ். எகிப்தின் முதல் முழுநீளக் கதைப்படம்னு பலரும் இதைத்தான் சொல்றாங்க. அந்த இடத்துக்குப் போட்டிப் படங்களும் உண்டு, அந்தச் சண்டைக்கு நான் வரல.

அதுக்கப்புறம் எல்லாமே ஜெயிச்சதுன்னு நினைச்சிடாதீங்க. 1932-லேயே அங்கே பேசும் படம் வந்தாச்சு. 1933-ல் இவங்களே இயக்கி நடிச்சது ஊமைப்படம். கையைச் சுட்டுக்கிட்டாங்க. அப்பவும் ஒதுங்கல. 1948-ல் பாலஸ்தீனப் போரை வச்சு 'ஃபதாத் மின் ஃபலஸ்தீன்' தயாரிச்சாங்க. இயக்கினது கணவர் மஹ்மூத் ஸுல்ஃபிகார். நாலே வருஷத்தில், 1952-ல் அஜீஸா இறந்துபோனாங்க.