மஞ்சீரா வருகிறதா என்று முதலில் கேளுங்கள்

ஹைதராபாத்தில் வேலை கிடைத்து வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அட்வான்ஸ் தொகையைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிடுகிறது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துப் பழகிய குடும்பம், இங்கே பொதுவாக இரண்டு மாதம்தான் என்றால் நம்பத் தயங்குகிறது. அந்தச் சந்தோஷத்தில் முதலில் பார்த்த வீட்டுக்கே டோக்கன் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் வாடகையை விசாரிப்பதற்கு முன்னால் தண்ணீரை விசாரிக்க வேண்டும்.

ஹைதராபாத் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர். எவ்வளவு ஆழமாக போர் போட்டாலும் பாறை இடுக்கில் தேங்கியதுதான் மேலே வரும். குடிநீர் வாரியம் தரும் தண்ணீரில் பெரும்பகுதி நாகார்ஜுனசாகரிலிருந்து கிருஷ்ணாவாகவும் எல்லம்பள்ளியிலிருந்து கோதாவரியாகவும் நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஏற்றி வரப்படுகிறது. இருந்தாலும் ஊரார் அதை இன்றும் மஞ்சீரா ஆற்றின் பெயரால் மஞ்சீரா தண்ணீர் என்றுதான் சொல்கிறார்கள். எனவே கேள்வியையும் அப்படியே கேளுங்கள்: மஞ்சீரா வருகிறதா? ஒரு நாள் விட்டு ஒரு நாளா, எத்தனை மணி நேரம்? சமையலறைக் குழாயில் வருவது அதுவா, போர் தண்ணீரா? கோடையில் டேங்கர் வாங்குகிறீர்களா, அந்தப் பணம் மெயின்டெனன்ஸில் சேருமா, தனியா?

இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2024 கோடையில் மேற்குப் பக்கம் மணிகொண்டா, கொண்டாப்பூர் போன்ற இடங்களில் போர்கள் வற்றி, புத்தம்புதிய அடுக்குமாடிகளும் டேங்கருக்குக் காத்திருந்தன. மாத வாடகை குறைவு என்று போனவர்களுக்கு மெயின்டெனன்ஸ் ரசீது அந்த லாபத்தைத் தின்றுவிட்டது. இன்னொன்று: 2021 ஜனவரியில் தொடங்கிய திட்டப்படி மாதம் 20,000 லிட்டர் வரை வாரியத் தண்ணீர் இலவசம். மீட்டர் ஓடி, ஆதாரோடு இணைப்பைப் பதிந்திருந்தால்தான் அந்தச் சலுகை. வீட்டுக்காரர் அதைச் செய்திருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தண்ணீர் இல்லாத வீடு ஒரு பயம் என்றால், தண்ணீர் புகும் வீடு இன்னொன்று. 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஊரையே அழித்தது. அதற்குப் பிறகுதான் உஸ்மான்சாகர், ஹிமாயத்சாகர் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. 2020 அக்டோபர் மழையில் டோலிசௌக்கி நதீம் காலனி நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. ஏரியை ஒட்டிய தாழ்வான இடம் அது. வந்த மழைநீர் வெளியேற வழி இல்லை. தரைத்தள வீடு பார்க்கப் போனால் சுவரில் ஈரக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெருமுனை கிரானா கடைக்காரரிடம் 2020இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கையைக் காட்டியே சொல்லிவிடுவார். ஏரிகளின் முழுக் கொள்ளளவு எல்லை எதுவரை என்பதை பெருநகர வளர்ச்சி ஆணையமான எச்.எம்.டி.ஏ.வின் இணையதளத்தில் வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள். 2024 ஜூலையில் ஹைட்ரா என்ற அமைப்பு வந்த பிறகு அந்த எல்லைக்குள் எழுந்த கட்டடங்கள் இடிக்கப்படுகின்றன. சட்டம் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசுகிறது. சாமான்களோடு தெருவில் நிற்பது வாடகைக்கு இருப்பவர்.

அடுத்தது போக்குவரத்து. குகட்பள்ளி, மியாப்பூர் பக்கம் மெட்ரோ இருக்கிறதே என்று போவார்கள். அது சிவப்புத் தடம். ஹைடெக் சிட்டிக்கு அமீர்பேட்டை வரை போய், மாறி, திரும்பி வர வேண்டும். அதனால் கடைசியில் பைக்கும் ஆட்டோவும்தான். உப்பல், ஹப்சிகூடா, தார்நாகா, செகந்திராபாத் எல்லாம் நாகோல்–ராய்துர்க் நீலத் தடம். ஏறி உட்கார்ந்தால் ஹைடெக் சிட்டியில் இறங்கலாம். மாரெட்பள்ளியும் ஸ்கந்தகிரி முருகன் கோயில் இருக்கும் பத்மாராவ் நகரும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடங்கள். அந்தத் தடத்துக்கும் அதிக தூரமில்லை. கொண்டாப்பூர் வாடகையைக் கேட்டு மலைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கிழக்குப் பக்கத்தைத்தான். அலுவலகம் நானக்ராம்குடாவில் என்றால் கணக்கு வேறு. மெட்ரோ ராய்துர்க்கோடு நின்றுவிடுகிறது.

வீடு தேட ஆப்கள் உதவும். ஆனால் நல்ல வீடு பெரும்பாலும் கேட்டில் தொங்கும் டு-லெட் பலகையில்தான் இருக்கிறது. சாயங்காலம் பிடித்த நான்கு தெருக்களில் நடந்து, பார்க்கிங் தளத்து அறையில் குடும்பத்தோடு இருக்கும் வாட்ச்மேனிடம் பேசுங்கள். எந்த ஃபிளாட் அடுத்த மாதம் காலியாகிறது, எந்த வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர இழுப்பார், எல்லாம் அவருக்குத் தெரியும். தரகர் வேண்டுமென்றால் கமிஷன் எவ்வளவு என்பதை வீடு பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பேச்சில் குடும்பமா பேச்சிலரா, சைவமா அசைவமா என்று கேட்பார்கள். அதற்கு அப்பால் சாதி, மதம் வரைக்கும் போகிறவர்களும் உண்டு. முஸ்லிம் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்று சொல்லிவிடும் வழக்கம் எனக்கு ஆறாத வருத்தம். நீங்கள் காலி செய்யும் வீட்டுக்கு அப்படி மறுக்கப்பட்ட ஒரு நண்பரின் பெயரை நீங்களே சொல்லுங்கள். வாடகையை ஒழுங்காகக் கொடுத்தவர் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது.

ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற பொதுவான எண்ணமே காரணம். ஆண்டு உயர்வு எவ்வளவு, பெயின்ட் செலவுக்கு அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், டேங்கர் பணம் யாருடையது என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பலர் காலி செய்யும் நாளில்தான் பெயின்டுக்கு ஒரு மாத வாடகை போகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, கேட் பாஸுக்கு மட்டும் பணம் அனுப்புங்கள் என்று போனில் பேசி, நம்ப முடியாத குறைந்த வாடகைக்கு அழகான படங்களைக் காட்டும் மோசடி எல்லா ஊரிலும் நடக்கிறது. வீட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்து, வீட்டுக்காரரின் மின்கட்டண ரசீதில் உள்ள பெயரைச் சரிபார்க்கும்வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.