அன்பும் அருளும்: இராசபாளையத்து நாயும் திருவில்லிபுத்தூர் அணிலும்

அன்பு, அருள் என்னும் இரு சொற்களையும் இன்றைய வழக்கில் ஒருபொருளனவாக ஆளுகின்றோம். திருக்குறளோ அன்புடைமையை இல்லறவியலிலும், அருளுடைமையைப் புலால் மறுத்தல், கொல்லாமை என்பவற்றொடு துறவறவியலிலும் வைத்தது. தொடர்புடையார்மேற் செல்வது அன்பெனவும், தொடர்பு நோக்காது எவ்வுயிர்மேலும் செல்வது அருளெனவும் பரிமேலழகர் பிரித்துணர்த்துவார். விருதுநகர் மாவட்டத்து அண்டை ஊர்கள் இரண்டில் இவ்வேறுபாட்டைக் கண்கூடாகக் காண்கின்றோம்.

இராசபாளையத்து வெண்ணிற நாய் 2005-இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற புகழுடையது. வீட்டாரையன்றிப் பிறரை எளிதில் அண்டவிடாத அதனை உரியவர் தம் மக்களைப்போற் பேணுவர். ஆயின் அது காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்ட இனம். நாயின்மேற் சென்ற அன்பு பன்றியின்மேற் செல்லவில்லை. நாயையேனும் அது முற்றக் காத்ததோ எனின், அதுவும் இன்று. தூய வெண்மையே விரும்பி இனம் பெருக்கியதன் பயனாகச் செவிட்டுக் குட்டிகள் பிறத்தல் உண்டு. உடைமையுணர்வு கலந்த அன்பின் எல்லை இதுவே.

திருவில்லிபுத்தூரை அடுத்த மலைச்சாரலில் 1988-இல் சாம்பல்நிற அணிலுக்கென ஒரு சரணாலயம் அமைந்தது; 2021-இல் அது மேகமலையொடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. இவ்வணில் எவர் வீட்டுக்கும் உரியதன்று. காவல் காவாது, ஏவல் கேளாது. கிளையொடு கிளை தழுவி நிற்கும் மரங்களின் வழியே தாவி வாழ்வது. ஆதலின் இடையில் மரங்கள் வெட்டுண்டால் அதன் வழியே அற்றுப்போம். செண்பகத்தோப்பினை ஒட்டிய தனியார் தோப்புகளில் மாவிலும் புளியிலும் இரை தேடும். அங்கு அதனைப் பொறுத்திருப்போர் துறவியர் அல்லர். விளைவை நம்பி வாழும் இல்லறத்தார்.

அருள் துறவறத்தின்பாற் பட்டதாயின் இவரிடத்து அதனை எதிர்நோக்குதல் முறையோ என்பார்க்கு விடை பொருட்பாலில் உள்ளது. பொருள்செயல்வகை அதிகாரம் அருளை அன்பு ஈன்ற குழவியாகவும், பொருளை அதனை வளர்க்கும் செவிலியாகவும் உருவகித்தது. (தாயும் செவிலியும் என்னும் அகத்திணை மாந்தர் பொருட்பாலுள் வந்து நிற்பது தனியே ஆராயத்தக்கது.) ஆகவே அருள் பிறப்பது இல்லறத்து அன்பில், வளர்வது பொருளால். பொருளைத் துறந்தார்க்கு இச்செவிலி இல்லை. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலை கண்டு, சீவகாருணியத்தை அடுப்படிக்கே கொணர்ந்ததும் இந்நெறியே.

அணில் தின்ற விளைவுக்குத் தோப்புக்காரர்க்கு ஈடாகப் பொருள் அளிக்கப்படுமாயின், அதுவும் அச்செவிலியின் பாற்படும் என்று கொள்வோம்.