சொக்கவைக்கும் சொற்கள் – 9: மரத்தடியில் விழுந்த பையன்

   இந்த முறை 'மெஸ்மரிசம்' என்ற சொல்.

"என்னமோ மெஸ்மரிசம் பண்ணிட்டான்" என்று நம் ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். மெஸ்மர் என்பது ஓர் ஆளின் பெயர். பிரான்ஸ் அன்டோன் மெஸ்மர், 1734-ல் பிறந்த ஜெர்மானிய வைத்தியர். வியன்னாவில் பார்வையற்ற பியானோ கலைஞர் மரியா தெரேசியா பாரடிஸுக்கு வைத்தியம் பார்க்கப் போய் வம்பில் மாட்டி, 1778-ல் பாரிஸ் வந்து சேர்ந்தார். உடம்புக்குள் ஒருவிதக் காந்த ஓட்டம் உண்டு, அது தடைபட்டால் நோய் என்பது அவர் கட்சி.

வைத்தியம் நடந்த விதம்தான் வேடிக்கை. கூடத்தின் நடுவே மூடி போட்ட பெரிய மரத்தொட்டி. உள்ளே தண்ணீர் போத்தல்கள், இரும்புத்தூள். மூடியிலிருந்து நீளும் கம்பியை நோயாளிகள் வலிக்கிற இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தனை பேரையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். பட்டு அங்கியில் மெஸ்மர் நடந்து வருவார். பின்னணியில் கண்ணாடி ஹார்மோனிகா: சுழலும் கிண்ணங்களை ஈர விரலால் தொட்டால் எழும் நாதம். சற்று நேரத்தில் ஒருவருக்கு வலிப்பு வரும். பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு.

பாரிஸே கிறங்கிக் கிடந்ததைப் பார்த்து 1784-ல் பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் குழு போட்டார். வேதியியல் மேதை லவாய்சியர், வானியலாளர் பைய்யி, டாக்டர் கில்லட்டின், 78 வயது அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்ளின் ஆகியோர் அதில் இருந்தார்கள். அந்தக் கண்ணாடி ஹார்மோனிகாவை 1761-ல் உருவாக்கியவரே இந்த பிராங்ளின்தான்!

மெஸ்மர் ஒத்துழைக்க மறுத்தார். சீடர் டெஸ்லோன் முன்வந்தார். பாரிஸை ஒட்டிய பாஸியில் இருந்த பிராங்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தம் 'ஏற்றினார்'. அந்த மரத்தை நெருங்கினால் சிலிர்த்து விழுவான் என்று 12 வயதுப் பையனை அழைத்து வந்தார். குழுவினர் அவன் கண்ணைக் கட்டி, காந்தம் ஏற்றாத மரங்களிடம் ஒவ்வொன்றாகக் கூட்டிப்போனார்கள். முதல் மரத்திலேயே வியர்வை, இருமல். மூன்றாவதில், நெருங்கிவிட்டோம் என்றான். நான்காவது மரத்தடியில் கைகால் விறைத்து மயங்கி விழுந்தான். காந்த மரமோ 24 அடி தள்ளி இருந்தது.

லவாய்சியர் வீட்டிலும் இதே கதை. சாதாரணத் தண்ணீர்க் கோப்பையை நீட்டியதும் ஒரு பெண்மணிக்கு வலிப்பு வந்தது; தெளிவிக்கக் கொடுத்த காந்தத் தண்ணீரை நிம்மதியாகக் குடித்தார்.

காந்தமும் இல்லை, ஓட்டமும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதியது. கண்ணைக் கட்டிச் சோதிக்கும் முறைக்கு மருத்துவ வரலாற்றில் முன்னோடி இந்தக் குழுதான். அதற்காகவே அந்த அறிக்கையைக் கொண்டாடலாம்.

பிற்பாடு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-ல் பைய்யியின் தலையும் 1794-ல் லவாய்சியரின் தலையும் விழுந்தன, சக உறுப்பினர் கில்லட்டினின் பெயர் ஒட்டிக்கொண்ட அதே இயந்திரத்தில். மெஸ்மர் 1815 வரை உயிரோடு இருந்தார்.